எட்டிப் பார்க்கும் வரி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவரை எல்லாரும் சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கவுன்டரில் உட்காரும் அக்கா மட்டும் தம்பி என்பார். நாற்பத்தாறு வயதாகி, காதோரம் முழுக்க நரைத்த பிறகும், அந்த ஒரு வாயிலிருந்து தம்பி என்று கேட்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அக்கா ஆறு வயது மூத்தவர். பத்தொன்பது வருடமாக இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவர் வெறும் தட்டச்சுக்காரர். ஒரு நாளைக்கு நூறு அறிக்கை அடிக்க வேண்டும். நூறிலும் மேலே அதே தலைப்பு, கீழே அதே டாக்டர் பெயர், நடுவில் மட்டும் எண்கள் மாறும். மூன்றாவது மாதம் விரல்கள் வீங்கின. தலைப்பு தானாக வருவதற்கு ஏதாவது வழி உண்டா என்று கணினியின் உதவிப் பக்கங்களைத் துழாவினார். வழி இருந்தது. தலைப்பு வந்ததும், பெயரும் தானாக வந்தால் என்ன என்று தோன்றியது. பிறகு எண்களும். இப்படி ஒவ்வொரு படிக்கும் தேவையான அளவு மட்டும் கற்றுக்கொண்டு, நான்கு வருடத்தில் நிலையம் முழுவதும் ஓடுகிற ஒரு புரோகிராமை எழுதி முடித்துவிட்டார்.

முறையாகப் படித்தவர் யாராவது அதைத் திறந்து பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்ற பயம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. அந்தப் பயத்தினாலேயே ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படிப்பார். தேதிகளைக் கையால் கூட்டிப் பார்ப்பார். பெயரில் ஒரு புள்ளி கூடுதலாக விழுந்தால்கூட அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சிஸ்டம் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நிலையத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை அவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தப் புரோகிராமில் ஒரே ஒரு குறை.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு அக்கா ஒரு பட்டனை அழுத்துவார். 'முடிவுகளை அனுப்பு' என்று அதில் எழுதியிருக்கும். அழுத்தியதும் புரோகிராம் பின்னறையில் உள்ள இயந்திரத்திடம் ஒவ்வொருவரின் முடிவாகக் கேட்டு வாங்கி, பட்டியலில் உள்ள பெயரோடு சேர்த்து, அறிக்கையாக்கி, அவரவர் கைபேசிக்கு அனுப்பும். நூறு பேருக்கு மேல் இருந்தால் பதினொரு நிமிடம் ஆகும். அந்தப் பதினொரு நிமிடமும் திரை உறைந்துபோய்விடும். முதலில் எழுத்துகள் மங்கும். பிறகு ஜன்னல் முழுவதும் வெளுத்து, மேல் ஓரத்தில் 'பதிலளிக்கவில்லை' என்று வரும். வேறு யார் பெயரையும் தேட முடியாது, ரசீது அடிக்க முடியாது.

கவுன்டருக்கு வெளியே நிற்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாள். கம்ப்யூட்டர் தெரியாதவங்கள ஏன் கவுன்டரில் போடுறாங்க என்று முணுமுணுப்பார்கள். அக்காவின் காதில் விழுகிற மாதிரியே முணுமுணுப்பார்கள்.

"தம்பி, இது மறுபடியும் செத்துப்போச்சு" என்று அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"சாகலக்கா, வேலை செஞ்சிட்டிருக்கு."

"வேலை செய்யுறவன் கூப்பிட்டா ஒரு உம் கொட்ட மாட்டானா?"

உம் கொட்ட வைக்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்தார். இன்னொரு வேலை வந்துவிடும்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. திரை உறைந்து கொஞ்ச நேரம் ஆனதும் அந்தப் பட்டனை மறுபடியும் அழுத்துவார். லிஃப்ட் வரத் தாமதமானால் பட்டனை இன்னும் இரண்டு தட்டுத் தட்டுகிறோமே, அப்படி. தட்டினால் சீக்கிரம் முழிக்கும் என்பது அக்காவின் நம்பிக்கை. அது அவருக்குத் தெரியும். தட்டியும் பயனில்லை, தீங்குமில்லை என்பதும் தெரியும். வேலை முடிந்ததும் திரை 'முடிந்தது' என்ற வேறொரு பக்கத்துக்குப் போய்விடும். அதுவரை காத்திருந்த தட்டுகள் எல்லாம் அந்தப் பக்கத்தின் வெற்றிடத்தில் போய் விழும். ஆகவே அவர் அக்காவைத் திருத்தவில்லை. வீட்டில் மனைவியிடம் அதைச் சொல்லிச் சிரித்ததுண்டு.

திரை ஏன் உறைகிறது என்பதை அந்த நிலையத்தை வைத்தே சொல்லிவிடலாம். கவுன்டரில் ஆளைக் கவனிப்பதும் ஒருவர்தான், உள்ளே போய் ரத்தம் எடுப்பதும் அதே ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊசியோடு உள்ளே இருக்கும்போது கவுன்டரில் ஆள் இருக்காது. வருகிறவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். அவருடைய புரோகிராம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. திரையை வரைவது, பட்டனுக்குக் காது கொடுப்பது, இயந்திரத்திடம் முடிவு கேட்பது எல்லாவற்றுக்கும் ஒரே வேலையாள். சரியான வழி, நீண்ட வேலைக்கென்று உள்ளே இன்னொரு ஆளை அமர்த்துவது. அது கொஞ்சம் கஷ்டமான வழி. இரண்டு பேர் ஒரே பட்டியலில் கைவைக்கும்போது யார் முதலில், யார் பிறகு என்று கவனமாக எழுத வேண்டும்.

சுலபமான வழி ஒன்றும் இருந்தது. ஒரே ஒரு வரி. வேலைக்கு நடுவில் கொஞ்சம் நிறுத்தி, கவுன்டரை எட்டிப் பார்த்துவிட்டு வா என்று சொல்கிற கட்டளை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைத்தான் அவர் எழுதினார்.

அவருக்கே ஆச்சரியம். திரை உறையவில்லை. வெளுக்கவில்லை. ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிற மாதிரியும் போட்டுவைத்தார். ஒரு தடவை அழுத்தினார், கையைக் கட்டிக்கொண்டு பதினொரு நிமிடம் காத்திருந்தார், எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் மனிதர். அவர் சோதித்தது அவரை மாதிரி ஓர் ஆளுக்கு.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "பரவால்ல தம்பி. இப்பதான் மனுஷன் மாதிரி மூச்சு விடுது" என்றார். அன்று முழுவதும் சிஸ்டம் சாரின் கால் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை நூற்றுப் பதினான்கு பேர். இரண்டு மணிக்கு அக்கா பட்டனை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், சுற்றிக்கொண்டே இருந்தது. எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று ஒன்றும் சொல்லாத சக்கரம். பட்டனும் முதலில் இருந்த அதே நீல நிறத்தில், அழுத்தேன் என்று கூப்பிட்டபடி இருந்தது. வெளியே ஒருவர் மேசையைத் தட்டினார். ஒன்பதாவது நிமிடம் அக்கா, பத்து வருடமாகச் செய்வதைச் செய்தார்.

அப்போது புரோகிராம் தொண்ணூற்றேழாவது ஆளின் முடிவை இயந்திரத்திடமிருந்து வாங்கிக் கையில் வைத்திருந்தது. அதை அறிக்கையில் எழுதுவதற்கு முன், அந்த ஒற்றை வரியின்படி கவுன்டரை எட்டிப் பார்த்தது. கவுன்டரில், அனுப்பும் வேலையைத் தொடங்கு என்று ஒரு கட்டளை காத்திருந்தது. சரி என்று, கையில் இருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வேலையை மறுபடி தொடங்கியது. அனுப்பாதவர்களில் முதல் ஆள் தொண்ணூற்றேழு. அடுத்த முடிவைக் கொடு என்று இயந்திரத்திடம் கேட்டது. இயந்திரம் தொண்ணூற்றெட்டாவது ஆளின் முடிவைக் கொடுத்தது. அது தொண்ணூற்றேழாவது ஆளின் பெயரில் போனது. அதிலிருந்து வரிசை ஒவ்வொன்றாக நழுவியது. ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆளின் ரத்தம். கடைசி ஆளுக்கு, அத்தனை நேரமும் கையில் வைத்திருந்த தொண்ணூற்றேழாவது ஆளுடையது. மொத்தம் பதினெட்டுப் பேர். பிறகு சக்கரம் நின்று, 'முடிந்தது' என்று பச்சையில் வந்தது.

முதல் தொலைபேசி ஒரு வெல்டரிடமிருந்து வந்தது. கொழுப்புக்கு ரத்தம் கொடுத்தவர். அவர் கர்ப்பமாக இருப்பதாக அறிக்கை போயிருந்தது. அரை மணியில் நிலையம் முழுக்கச் சிரிப்பு. ரத்தம் எடுக்கும் நர்ஸ், வெல்டருக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டுக்கொண்டே ஊசி குத்தினார்.

சிரிப்பு அடுத்த தொலைபேசியில் நின்றது. அந்தக் கர்ப்பம் யாருடையதோ அந்தப் பெண், ஏழு வருடம் காத்திருந்தவர், தனக்கு ஏதோ உப்புக் கணக்கு வந்திருக்கிறதே, நான் கேட்டது என்னாச்சு என்று கேட்டார். சிறுநீரகக் கோளாறுள்ள ஒரு முதியவருக்கு ஓர் இளைஞனின் சுத்தமான அறிக்கை போயிருந்தது. அவர் ஒரு நாள் முழுக்கப் பத்தியத்தை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதினெட்டுப் பேரையும் தேடிப் பிடித்துச் சரியான அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

சனிக்கிழமை டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிலையம் அவருடையது, குரல் உயர்த்தாத மனிதர். நர்ஸ், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், அக்கா, சிஸ்டம் சார். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

சிஸ்டம் சார் கையில் ஒரு தாள் இருந்தது. புரோகிராம் தன் போக்கில் எழுதிவைக்கும் குறிப்பின் அச்சு. அன்று காலையே அதைப் பார்த்துவிட்டார். வேலை இரண்டு தடவை தொடங்கியிருந்தது, இரண்டாவது முதலாவதின் வயிற்றுக்குள். பார்த்த உடனே அந்தச் செவ்வாய்க்கிழமை வரி அவர் கண்ணில் நெருப்பு மாதிரி தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. இயந்திரம் ஒவ்வொரு முடிவோடும் ரத்தக்குழாயின் எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட ஒரு வரி போதும். வரிசை எப்போதும் சரியாகவே வந்ததால், அதை அவர் எழுதியதே இல்லை. மூன்று தடவை படிக்கிற மனிதர்.

டாக்டரின் அறையில் வாயைத் திறந்தபோது இவ்வளவையும் சொல்லத்தான் நினைத்தார். டெக்னீஷியன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முறையாகப் படித்தவன். அவன் முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை, ஆனால் வரப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

"பட்டன ரெண்டு தடவ அழுத்தியிருக்காங்க" என்றார். தாளை மேசையில் வைத்தார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"ஆமா, அழுத்தினேன்" என்றார் அக்கா. "எப்பவும் அழுத்துவேனே." அவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. நீ சொல்லேன் தம்பி, உனக்குத் தெரியுமே என்கிற மாதிரி ஒரு பார்வை. அவர் தாளின் ஓரத்தை மேசை விளிம்போடு நேராக்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து அக்கா கவுன்டரில் இல்லை. பின்பக்கச் சரக்கறையில், காலிக் குழாய்களில் லேபிள் ஒட்டும் வேலை. மாதக் கடைசிவரை பார்ப்போம், அதற்குப் பிறகு அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவுன்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள்.

அந்த வாரம் அவர் கஷ்டமான வழியில் இறங்கினார். எட்டிப் பார்க்கும் வரியை எடுத்தார். முடிவு கேட்டு வாங்கும் வேலையைத் தனி ஆளிடம் ஒப்படைத்தார். கவுன்டரில் இருப்பவன் கவுன்டரிலேயே இருப்பான். உள்ளே இருப்பவன் ஒவ்வொன்று முடிந்ததும் சீட்டுக் கொடுத்தனுப்புவான். அழுத்திய உடனே பட்டன் சாம்பல் நிறமாகும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு, 'நூற்றுப் பத்தில் நாற்பது முடிந்தது' என்று எண்ணாகவே காட்டினார். நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்த ஒரு பட்டன். குழாய் எண் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்று, யார் பெயரில் பொருந்தவில்லை என்று சொல்லும். எழுதி முடித்து, பட்டனை இருபது தடவை வெறிபிடித்த மாதிரி தட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இத்தனையும் ஐந்து நாள் வேலை. பத்து வருடம் தள்ளிப்போட்டதும் இதே ஐந்து நாள் வேலைதான்.

யாரிடமும் சொல்லாமல் அதைக் கவுன்டர் கணினியில் ஏற்றினார். அமைதியாகச் சரிசெய்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று மனதின் ஒரு மூலை நம்பியது. சரக்கறைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார். கழிவறைக்குப் போக அந்த வழிதான் கிட்ட. மாடி ஏறிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கவுன்டர் அருகே நின்றார். பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப் பெண் இன்னொருவருக்கு ரசீது அடித்துக் கொடுத்தாள். டாக்டருக்குத் திருப்தி.

"பாத்தீங்களா சிஸ்டம், ஆள மாத்தினதும் எல்லாம் ஒழுங்காயிடுச்சு" என்றார். "பாவம், அவங்களுக்கு வயசாயிடுச்சு. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

அவருக்குக் காது இரண்டும் சுட்டன. ஐந்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் செதுக்கியது அக்காவுக்கு எதிரான சாட்சியாக ஆகியிருந்தது. எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவு வலுவான சாட்சி. அவர் தலையை ஆட்டினார். ஆட்டியதை நினைத்து அன்று முழுவதும் அருவருத்தார்.

மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுன்டரில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் இருவரும் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா எப்ப கவுன்டருக்குத் திரும்புவாங்க என்று கேட்டார். மாதக் கடைசியில் அனுப்பிவிடுவார்கள் போல என்று அவர் சொன்னார். எதுக்கு என்று மனைவி கேட்டார். பட்டனை இரண்டு தடவை அழுத்தியதற்கு என்றார்.

மனைவி ஒரு சட்டையைப் பாதி மடித்தபடி நிறுத்தினார். "எங்க ஆபீஸ்ல ஸ்கிரீன் நின்னா நானுந்தான் தட்டுவேன். பக்கத்து சீட்டுக்காரரும் தட்டுவாரு. எல்லாரும் தட்டுவாங்க. தட்டினா தப்பாப் போற மாதிரியா எழுதி வச்சிருந்தீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அன்னைக்கு ரூம்ல நீங்க சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. ரெண்டு தடவ அழுத்தினது நிஜம்."

"அப்ப அது என்ன?"

அவர் காலுறைகளில் ஜோடி தேடினார். மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் பழைய புரோகிராமை ஒரு மடிக்கணினியில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனார். பொய்ப் பெயர்கள் நாற்பது, பொய் முடிவுகள் நாற்பது. டாக்டரையே பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினார். சக்கரம் சுற்றியது. டாக்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஒரு நிமிடம் தாண்டியதும் அவர் விரல் தானாகப் போய் பட்டனை இன்னொரு தடவை தொட்டது.

முடிந்ததும் சிஸ்டம் சார் பட்டியலைத் திறந்து காட்டினார். பதினேழாவது பெயரிலிருந்து எல்லாம் நழுவியிருந்தது.

"நான் ஏதோ நின்னுபோச்சுன்னு..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்தினார். "இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. நாளைக்கே அவரைக் கவுன்டருக்கு வரச் சொல்லிவிடுகிறேன், இதைப் பெரிதாக்க வேண்டாம், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். வெளியே வந்தபோது அவருக்கு உடம்பு லேசானது. நமக்குள்ளேயே என்ற வார்த்தை தனக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று கவனித்தார். படியில் பாதி இறங்கியவர் அங்கேயே நின்றார். பிறகு சரக்கறைக்குப் போனார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, குழாய்களை ஒரு தட்டில் நிறுத்தி, லேபிள்களை ஒரே உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுகூடக் கோணல் இல்லை. நாளைக்குக் கவுன்டருக்கு வரச் சொல்லி டாக்டர் இப்போதுதான் பேசினார், எதற்கென்று சொல்லவில்லை என்றார்.

அவர் நின்றபடியே சொன்னார். வரியை, சக்கரத்தை, குழாய் எண்ணை, தாளை. அக்கா லேபிள் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"நான் தட்டுவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்கா."

"வீட்ல சொல்லிச் சிரிச்சிருப்ப."

அவர் தட்டில் இருந்த குழாய்களைப் பார்த்தார். அக்காவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"நான் இந்த மூணு வாரமா என்னையேதான் திட்டிட்டிருந்தேன், தெரியுமா. ஒரு வயசாளிய விஷம் வச்சுக் கொன்னிருப்பேனேன்னு. கைய வெட்டிப் போடலாமான்னு இருந்துச்சு." அடுத்த குழாயை எடுத்தார். "அன்னைக்கு அந்த ரூம்ல மூணு பேரு இருந்தாங்க. இப்ப எத்தன பேருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு."

"அப்ப மிச்ச ரெண்டு பேருக்கு?"

அக்கா அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கவுன்டரில், பேரு, வயசு, சாப்பிட்டீங்களா என்று கேட்கும் அதே குரல். அக்கா தட்டை நிரப்பிவிட்டு அடுத்த தட்டை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, ரத்தம் எடுக்கும் அறையில், எல்லாரும் டீ குடிக்கும் நேரம். நர்ஸ் இருந்தார், டெக்னீஷியன் இருந்தான், புதுப் பெண்ணும் இருந்தாள். அக்கா கவுன்டரை ஐந்து நிமிடம் மூடிவிட்டு வந்து வாசலோரம் நின்றார். சிஸ்டம் சார் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

சொன்னார். பழகின இடத்தில் வார்த்தை வந்தது, மற்ற இடத்தில் திக்கியது. வியாழக்கிழமை நடந்ததற்கு அக்கா காரணமில்லை. புரோகிராமில் நான் செவ்வாய்க்கிழமை போட்ட ஒரு வரிதான் காரணம். வேலை நடக்கும்போது பட்டனை மூடிவைக்காதது என் தப்பு. எண்ணை ஒப்பிடாதது என் தப்பு. அக்கா தட்டுவார் என்று எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கு டாக்டர் ரூமிலும் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடமாகப் பயந்த சிரிப்பு வரவேயில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

டெக்னீஷியன் நல்லவன். "விடுங்க சார், மெஷின்னா அப்படித்தான்" என்றான்.

"மெஷின் இல்லப்பா. நான்."

நர்ஸ் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் நகைச்சுவையை முதலில் ஆரம்பித்தவர் அவர். அக்கா பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் டீயைக் குடித்தார். புதுப் பெண் தன் நாற்காலி இனி எது என்று யோசிப்பவள் மாதிரி நின்றாள்.

"ரெண்டு தடவ இல்ல, தம்பி" என்றார் அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"மூணு தடவ. ரெண்டாவது தடவ தட்டினப்புறமும் அது பாட்டுக்குச் சுத்திட்டே இருந்துச்சா, இன்னொரு தட்டுத் தட்டினேன். தட்டவும் பச்சையா முடிஞ்சதுன்னு வந்துச்சு. அன்னைக்கு ரூம்லயே சொல்லணும்னுதான் இருந்தேன். உன் பேப்பர்ல ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த மூன்றாவது தட்டு 'முடிந்தது' பக்கத்தின் வெற்றிடத்தில் விழுந்திருக்கும். அங்கே விழுகிற எதையும் புரோகிராம் குறித்துவைப்பதில்லை. குறிக்கும்படி அவர் எழுதவில்லை. அந்தத் தாளை அவர் எத்தனை நிச்சயத்தோடு மேசையில் வைத்தார். அதிலிருந்ததைவிட அதிகமான உண்மை எதிரே உட்கார்ந்திருந்த ஆளிடம் இருந்தது. அந்த ஆளிடம் யாரும் கேட்கவில்லை.

"அது கணக்குல வராதுக்கா. அதனால ஒண்ணும் ஆகல" என்றார்.

"ஆகலன்னாலும் தட்டினேன்ல?" என்றார் அக்கா. "நடந்தத நடந்த மாதிரி சொல்லு."

டீ ஆறிப்போயிருந்தது. டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தான். வெளியே யாரோ மூடிய கவுன்டரைத் தட்டினார்கள். அக்கா அசையவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து, மூன்று தடவை என்று திருத்தி, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.